கார்களில் சைக்கிள் தாங்கிகள்: கூரையிலிருந்து இழுவைக் கொக்கிக்கு

சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்ல உதவும் தாங்கிகள் இரண்டு பெரும் வகைப்படும். காரின் கூரைமேல் பொருத்தப்படுவது கூரைத் தாங்கி (ரூஃப் ரேக்). டிரெய்லரை மாட்டுவதற்காகக் காரின் பின்புறம் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் இழுவைக் கொக்கியில் பொருத்தப்படுவது கொக்கித் தாங்கி (ஹிட்ச் ரேக்). டிக்கிக் கதவின்மேல் பட்டைகளால் இறுக்கிக் கட்டும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. விலை குறைவு, உறுதியும் குறைவு. தமிழ்ப் பேச்சுவழக்கில் 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள். இக்கட்டுரை பேசுவது மிதித்து ஓட்டும் சைக்கிளைப் பற்றி மட்டுமே.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சைக்கிள் வாங்கும் குடும்பம் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, கூரையில் ஏற்றுவதா பின்னால் மாட்டுவதா என்பதே. பார்வைக்கு இது அவரவர் விருப்பம் போலத் தோன்றும். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியது பெரும்பாலும் சைக்கிள்காரர் அல்லர். காரின் உடலமைப்பு மாறியபோதெல்லாம் சைக்கிளின் இடமும் மாறியது. பிறகு சைக்கிளே மாறியபோது மீண்டும் இடம் பெயர்ந்தது.

== காருக்கு முன்: ரயிலில் சைக்கிள் ==

1890களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. அன்று நெடுந்தூரம் சைக்கிளை எடுத்துச் செல்ல ரயில் ஒன்றே வழி. அதைப் பயணியின் உடைமையாகக் கருதுவதா, தனிக்கட்டணம் வாங்குவதா என்று ரயில் நிறுவனங்களோடு சைக்கிள் சங்கங்கள் மல்லுக்கு நின்றன. 1896இல் நியூயார்க் மாநிலம், சைக்கிளைப் பயணியின் சாதாரண மூட்டை முடிச்சாகவே ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கார் பெருகிய பின் இந்தப் பூசல் தேய்ந்துபோனது. சைக்கிளும் அமெரிக்காவில் வெகுகாலம் சிறுவர் பொருளாகிவிட்டது. எனவே, சைக்கிளைக் காரில் ஏற்ற வேண்டிய தேவை முதலில் குடும்பங்களுக்கு எழவில்லை, பந்தயக்காரர்களுக்கு எழுந்தது.

== பந்தயக் கார்களின் கூரை ==

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. அதை உருவாக்கிய ஆன்றி தெகிராஞ்சு, வீரன் தன் வண்டியைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1913இல் துர்மலே மலைப்பாதையில் ஓழேன் கிறிஸ்தோபின் சைக்கிளுடைய முன் போர்க் உடைந்தது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்திலிருந்த சேன்ட் மரி தெ காம்பான் என்ற ஊரின் கொல்லுப் பட்டறையை அடைந்தார். அங்கே இரும்பைக் காய்ச்சித் தட்டிச் சரிசெய்ததும் அவரே. ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக் கொடுத்தான் என்பதற்காக, பிறர் உதவியைப் பெற்ற குற்றமென்று அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள். மாற்று சைக்கிளைச் சுமந்தபடி பின்தொடரும் காருக்கு அப்படிப்பட்ட பந்தயத்தில் வேலை இல்லை.

விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1930இல் தேசிய அணிகள் வந்தன. 1934இல் பிரெனே மலைகளில் இருபது வயது ரெனே வியேத்தோ, தன் அணித் தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்குச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் அமர்ந்து அழுத காட்சி புகைப்படமாக நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு பட்டம் வென்றவர் மாஞ்ஞு. உதவி வண்டி எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவுக்கு வீரனின் வாய்ப்பு என்பதை அந்தப் படம் எல்லோருக்கும் விளக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அணிகளின் உதவிக் கார்கள் பந்தயத்தின் நிரந்தரப் பகுதியாயின.

அந்தக் கார்களில் சைக்கிள்கள் கூரைக்கு ஏறியதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் ஓடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் அடுத்த காரின் மூக்கில் இடிபடும். கூரையிலோ ஏழெட்டு சைக்கிள்களை நேரும் எதிருமாக அடுக்கலாம். டிக்கியும் தடையின்றித் திறக்கும். பின் இருக்கையில் இருக்கும் மெக்கானிக் கதவைத் திறந்து குதித்து, கைநீட்டி எடுத்து, சில நொடிகளில் வீரனிடம் கொடுத்துவிடுவார். அணித் தலைவரின் சைக்கிள் கூரையின் விளிம்பில், கைக்கு எட்டும் இடத்தில் நிற்பது இதனால்தான்.

சக்கரப் பகுதி நிறுவனமான மாவிக் இவ்வழக்கத்தில் ஒரு புதுமையைச் சேர்த்தது. 1972இல் தோஃபினே லிபரே பந்தயத்தில் ஓர் அணி இயக்குநரின் கார் பழுதாகிவிட, மாவிக்கின் தலைவர் புரூனோ கோர்மான் தன் சொந்தக் காரைக் கொடுத்து உதவினார். எந்த அணியையும் சாராமல் எல்லோருக்கும் உதவும் கார் ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1973 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் அது நடைமுறைக்கு வந்தது. கூரை நிறைய சைக்கிள்களோடு ஓடும் மாவிக்கின் மஞ்சள் கார்கள், 2021இல் ஷிமானோவின் நீலக் கார்கள் அவ்விடத்துக்கு வரும்வரை, டூர் பந்தயத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருந்தன. பொதுக் காரின் சைக்கிள் எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பது 2016இல் வான்தூ மலையில் தெரிந்தது. விபத்தில் சைக்கிள் உடைந்து, மஞ்சள் சட்டையோடு மலைமேல் கால்நடையாக ஓடிய கிறிஸ் புரூமுக்கு அந்தக் காரிலிருந்து கிடைத்த சைக்கிள் அளவு சரியில்லாமல் போக, சொந்த அணியின் காருக்காக அவர் காத்திருக்க நேர்ந்தது.

கூரைத் தாங்கிக்குப் பந்தய உலகம் தந்த இன்னொரு கொடை, சக்கரத்தைச் சட்டென்று கழற்றும் நெம்பு (குவிக் ரிலீஸ்). இத்தாலிய வீரரான துல்லியோ கம்பஞ்ஞோலோ 1930களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பேனர் இல்லாமலே முன்சக்கரம் கழன்று வரும் என்றானதும், சக்கரத்தைக் காருக்குள் போட்டுவிட்டு, வெறும் போர்க்கைக் கூரையிலுள்ள தண்டில் கவ்வவைத்து நிறுத்துவது எளிதாயிற்று. பல பத்தாண்டுகள் கூரைத் தாங்கி என்றால் இந்தப் போர்க் பிடிப்பைத்தான் பலர் நினைத்தார்கள்.

== மழைநீர்க் கம்பியும் இரும்பு பம்பரும் ==

குடும்பக் கார்களின் கதை வேறு. 1980களுக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் கூரையின் இருபக்க விளிம்பிலும் ஒரு சிறு வாய்க்கால் ஓடும். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் பற்றவைப்பு மடிப்பு அது. மழைநீர் கதவுக்குள் வடியாமல் முன்னும் பின்னும் கொண்டு சேர்ப்பதும் அதுவே. நம் அம்பாசடர் காரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த மடிப்பைக் கவ்விக்கொண்டு கால் ஊன்றியவைதாம் பழைய கூரைத் தாங்கிகள். எந்தக் காராக இருந்தாலும் மடிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி. எனவே ஒரே தாங்கி எல்லாக் காருக்கும் பொருந்தும்.

சுவீடனில் எரிக் துலின் என்பவர் 1942இல் தூலே என்ற பெயரில் தொடங்கிய தொழில், முதலில் மீனவர்களுக்கான மீன்பொறியை விற்றது. கார்கள் பெருகியபோது அது வாகனத் துணைப் பொருள்களுக்குத் திரும்பி, 1962இல் தன் முதல் கூரைத் தாங்கியை வெளியிட்டது. பனிச்சறுக்குக் கட்டைகளும் பெட்டிகளும் ஏறிய அதே குறுக்குக் கம்பிகளில் பின்னர் சைக்கிளும் ஏறிற்று.

அமெரிக்காவில் சைக்கிள் மறுபடியும் பெரியவர்களின் பொருளானது 1970களின் தொடக்கத்தில். பத்து கியர் வைத்த இலகுவான சைக்கிள்கள் பரவின. 1973இல் மட்டும் அங்கே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. அது அவ்வாண்டின் கார் விற்பனையைவிட அதிகம். அந்த ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வேறு சேர்ந்துகொண்டது. வார இறுதியில் குடும்பத்தோடு காரில் பூங்காவுக்குப் போய், அங்கே சைக்கிள் ஓட்டும் பழக்கம் இந்த அலையோடு வளர்ந்தது. அமெரிக்கத் தாங்கி நிறுவனங்கள் பலவற்றின் தொடக்கம் இக்காலத்தை ஒட்டியே அமைகிறது.

பின்புறத் தாங்கி அப்போதும் இருந்தது. ஆனால் அது கொக்கியில் அல்ல, பம்பரில் தொங்கியது. குரோமியம் பூசிய கனத்த இரும்பு பம்பர், இரண்டு சைக்கிள்களைத் தாராளமாகத் தாங்கும். மேலே கூரை மடிப்பு, பின்னால் இரும்பு பம்பர் என்று இரண்டு இலவச ஊன்றுகோல்களைக் கார் உற்பத்தியாளர்கள் தம்மை அறியாமலே சைக்கிள்காரருக்குத் தந்திருந்தார்கள்.

இரண்டையும் ஒரே பத்தாண்டு பறித்துக்கொண்டது.

எரிபொருள் விலை ஏறியதும் கார் உடல் காற்றைக் கிழித்துச் செல்லும் வழவழப்பு வடிவத்துக்கு மாறத் தொடங்கியது. 1982இல் வந்த ஆடி 100 காரின் காற்றெதிர்ப்புக் குணகம் 0.30, அந்நாளைய குடும்பக் காருக்கு அது வியப்பான எண். சீரான பக்கங்களைக் கொண்ட ஃபோர்டு டாரஸ் அமெரிக்காவில் 1985இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. கதவின் மேல்விளிம்பு கூரையோடு வளைந்து இணைந்தது, மழைநீர் மடிப்பு உள்ளே ஒளிந்துகொண்டது. இரும்பு பம்பர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உறை வந்தது. பிளாஸ்டிக்கில் சைக்கிளைத் தொங்கவிட முடியாது.

கூரைத் தாங்கி நிறுவனங்கள் தப்பிப் பிழைத்த விதம் பாராட்டத்தக்கது. கதவின் மேல்விளிம்பைக் கவ்வும் கொக்கித் தகடுகளை ஒவ்வொரு கார் மாதிரிக்கும் தனித்தனியாக வடிவமைத்தார்கள். எந்தக் காருக்கு எந்தத் தகடு என்று கடைகளில் தடிமனான அட்டவணைப் புத்தகங்கள் தொங்கின. ஆனால் வாங்குபவருக்கு இது சுமை. காரை மாற்றினால் தாங்கியின் பாதி உறுப்புகளையும் மாற்ற வேண்டும். எல்லாக் காருக்கும் பொதுவான ஓர் ஊன்றுகோல் வேண்டும் என்ற தேவை இங்கேதான் பிறந்தது. அது காருக்குக் கீழே, ஏற்கெனவே காத்திருந்தது.

== கொக்கி வந்த வழி ==

அமெரிக்காவில் படகையும் வீட்டு வண்டியையும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வழக்கம் பழையது. முதலில் அதற்கான குண்டை பம்பரிலேயே திருகினார்கள். பம்பர் பலவீனமானதும் பளுவை அடிச்சட்டத்தில் இறக்க வேண்டியதாயிற்று. அடிச்சட்டத்தோடு போல்ட்டால் பிணைத்த, பின்புறம் திறந்த சதுர இரும்புக் குழாய் பொது வழக்காயிற்று. அதில் குண்டுள்ள தண்டைச் செருகி ஊசியால் பூட்டுவார்கள். குழாயின் உள்ளளவு சிறிய கார்களுக்கு 1¼ அங்குலம், பெரியவற்றுக்கு 2 அங்குலம் என்று நிலைபெற்றது. எந்த நிறுவனத்தின் தண்டும் எந்தக் காரின் குழாயிலும் நுழையும். சைக்கிள் தாங்கி செய்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் இந்தப் பொதுமைதான். 1990களில் பிக்கப் லாரிகளும் உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளும் பெருக, குழாயுள்ள வண்டிகளின் எண்ணிக்கையும் பெருகிற்று. எஸ்.யூ.வி. கூரைக்கு சைக்கிளைத் தூக்குவது சராசரி உயரமுள்ளவருக்கு ஏணி வேலை என்பதும் கொக்கிக்குச் சாதகமாயிற்று.

ஐரோப்பா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அங்கே சதுரக் குழாய் கிடையாது. வளைந்த கழுத்தின் முனையில் 50 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டுதான் பொது அளவு. ஐரோப்பியத் தாங்கி அந்தக் குண்டையே ஒரு நெம்பால் இறுகக் கவ்வுகிறது. தாங்கி காரின் விளக்குகளையும் பதிவெண் தகட்டையும் மறைப்பதால், பின்விளக்குகளையும் இன்னொரு பதிவெண் தகட்டையும் தாங்கியிலேயே பொருத்தி, காரின் மின்னிணைப்பில் செருக வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அமெரிக்கத் தாங்கிகள் பலவற்றில் விளக்கு இருப்பதில்லை. என் பார்வையில் இந்த ஒன்றில் ஐரோப்பிய ஏற்பாடே மேல்: இரவில் பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு தெரியாவிட்டால் மற்ற வசதிகள் எல்லாம் வீண்.

மலைச் சைக்கிள்களின் வரவையும் இங்கே சொல்ல வேண்டும். 1976இல் கலிபோர்னியாவின் மரீன் மாவட்டத்தில் 'ரீபேக்' என்ற மலையிறக்கப் பந்தயம் தொடங்கியது. ஒருமுறை இறங்கியதும் சூட்டில் உருகிப்போன ஹப் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். பழைய கனத்த சைக்கிள்களைப் பிக்கப் லாரியில் குவித்து மலையுச்சிக்குக் கொண்டுபோவார்கள். இவ்விளையாட்டு வளர்ந்தபோது சைக்கிளின் எடையும் டயரின் அகலமும் சேற்றின் அளவும் கூடின. சேறு படிந்த 15 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க யாருக்கும் மனம் வராது. கனடாவின் வான்கூவரை அடுத்த மலைப்பகுதியில், சைக்கிளை முன் போர்க்கில் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஐந்தாறு வண்டிகளைக் கொக்கியில் மாட்டும் தாங்கி உருவாகிப் பரவியது.

== காற்று, உயரம், நெம்புவிசை ==

இரண்டு இடங்களுக்கும் தனித்தனி இடர்கள் உண்டு. கூரையில் முதல் இடர் காற்று. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாகவும் ஏறும். அதாவது 50 கி.மீ. வேகத்தில் கூரைச் சைக்கிளைத் தள்ளச் செலவாகும் திறன், 100 கி.மீ. வேகத்தில் எட்டு மடங்கு. பின்னால் மாட்டிய சைக்கிள் பெருமளவு காரின் நிழலில், ஏற்கெனவே கலங்கிய காற்றில் ஒளிந்திருப்பதால் இழப்பு குறைவு. சைக்கிளை இறக்கிய பிறகும் சோம்பலால் கழற்றாமல் விட்ட வெறும் கம்பிகளும் எரிபொருளைத் தின்னும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கூரைத் தாங்கிகளால் அந்நாட்டில் 2015இல் கூடுதலாக எரிந்த பெட்ரோல் ஏறத்தாழ 10 கோடி காலன். மொத்த நுகர்வில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இருந்தாலும் பெரும்பகுதியைச் சுமந்தவை சாமான் எதுவும் இல்லாத தாங்கிகள் என்றால் கொஞ்சம் உறுத்தும்.

அடுத்த இடர் உயரம். ஒன்றரை மீட்டர் உயரக் காரின்மேல் ஒரு மீட்டர் சைக்கிள் நின்றால் இரண்டரை மீட்டர். அடுக்குமாடி வாகன நிறுத்தங்களின் நுழைவாயில் பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும். களைத்துப்போய் வீடு திரும்பியவர், கூரையில் சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டு கராஜுக்குள் காரை ஓட்டிச் சைக்கிளையும் தாங்கியையும் கூரைத் தகட்டையும் ஒருசேர நொறுக்குவது மேலைநாட்டுச் சைக்கிள்காரர்களிடையே அறிந்த விபத்து. நம் ஊரில் பேருந்துக் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கயிற்றால் கட்டி அனுப்பிய காலத்தில், தாழ்ந்த புளியங்கிளைகளைக் கண்டக்டர் கவனித்துக்கொள்வார். காரோட்டிக்கு அப்படி ஒருவர் இல்லை.

கொக்கியின் இடர் நெம்புவிசை. அமெரிக்க வகைப்பாட்டில் மிகச் சிறிய முதல் வகுப்புக் கொக்கியின் செங்குத்துத் தாங்கெடை 200 பவுண்டு, சுமார் 90 கிலோ. 20 கிலோ தாங்கியும் தலா 15 கிலோ எடையுள்ள நான்கு சைக்கிள்களும் சேர்ந்தால் 80 கிலோதானே, சரியாகப் போயிற்று என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அந்த எண் டிரெய்லருக்கானது. அதன் பளு குழாயின் வாயை ஒட்டியே இறங்குகிறது. நான்காவது சைக்கிளோ அதற்கு இரண்டு மூன்று அடி பின்னால் நிற்கிறது. பளுவைத் தூரத்தால் பெருக்க வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இங்கே வேலை செய்கிறது. குழியில் கார் குதிக்கும்போது அந்த விசை இன்னும் கூடும். எனவேதான் 1¼ அங்குலக் குழாயில் பெரும்பாலும் இரண்டு சைக்கிளோடு நிறுத்தச் சொல்கிறார்கள். பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்தால் முதலில் நசுங்குவதும் சைக்கிளே. டிக்கி திறக்காத தொல்லையைத் தாங்கியைச் சாய்க்கும் கீல் வைத்து ஓரளவு தீர்த்துவிட்டார்கள்.

== சைக்கிள் மாறியது ==

இதுவரை காரின் மாற்றங்களைப் பார்த்தோம். கடந்த இருபது ஆண்டுகளில் தாங்கியை அதிகம் பாதித்தவை சைக்கிளின் மாற்றங்கள். கார்பன் இழைச் சட்டம் பரவியதும், பிரேமின் குறுக்குக் குழாயைக் கவ்வித் தொங்கவிடும் பழைய தாங்கிகள் மதிப்பிழந்தன. இரும்பு தாங்கும் இறுக்கத்தில் கார்பன் குழாய் விரிசல் விடலாம். டிஸ்க் பிரேக் வந்தபோது சக்கர அச்சும் மாறியது. கம்பஞ்ஞோலோவின் நெம்புக்குப் பதிலாகப் போர்க்கின் துளைகளுக்குள் முழுதாக நுழையும் தடித்த அச்சு வந்தது. அதுவும் 12, 15, 20 மி.மீ. என்று பல அளவுகளில். அரை நூற்றாண்டாக எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்திய கூரைப் பிடிப்புக்கு, ஒவ்வோர் அளவுக்கும் ஓர் இணைப்பு தேவைப்பட்டது. மழைநீர் மடிப்பு மறைந்தபோது காருக்கு நேர்ந்த அதே கதை. இன்று விற்கும் நல்ல தாங்கிகள் பல, பிரேமையும் போர்க்கையும் தொடாமல் டயரை மட்டும் பிடிப்பவை. எந்த அச்சு வந்தாலும் சக்கரம் வட்டம்தான்.

கூரையைக் குடும்பங்களிடமிருந்து ஏறக்குறைய முழுதாக விலக்கியது மின்சார சைக்கிள். மோட்டாரும் மின்கலமும் சேர்ந்து அதன் எடை 20 முதல் 27 கிலோ வரை போகிறது. கூரைப் பிடிப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கு 20 கிலோவுக்குள் ஏற்பவை. காரின் கூரைக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மொத்தப் பளுவும் பல கார்களில் 75 கிலோ அளவுதான். அதில் கம்பிகளின் எடையும் அடக்கம். ஜெர்மனியில் 2023இல் விற்ற சைக்கிள்களில் மின்சார வகை சுமார் 21 லட்சம், சாதாரண வகை சுமார் 19 லட்சம். அங்கே மின்சார வகை பாதியைத் தாண்டியது அதுவே முதல்முறை. வாங்குவோரில் முதியவர்கள் கணிசம். முழங்கால் வலிக்காக மின்சார சைக்கிள் வாங்கியவரிடம் அதைக் கூரைக்குத் தூக்கச் சொல்வது நியாயமாகாது. சைக்கிளை உருட்டியே ஏற்றும் சாய்தளப் பலகை, கொக்கித் தாங்கியோடு இன்று பரவலாகக் கிடைக்கிறது.

மின்சாரக் கார்களும் அதே பக்கம் தள்ளுகின்றன. காற்றெதிர்ப்பு கூடினால் ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தூரம் குறையும் என்பதால் கூரைச் சுமையை அந்தக் காரோட்டிகள் விரும்புவதில்லை. 2020இல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காருக்கு டிரெய்லர் இழுக்க அனுமதியே கிடையாது. ஆனாலும் 75 கிலோ வரை தாங்கும் கொக்கியைக் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொக்கி எதையும் இழுப்பதற்கில்லை; முழுக்க முழுக்கச் சைக்கிள் தாங்கிக்காக.